எம்.பி.க்கே இந்தக் கதி என்றால்...?



வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே போய், புளியங்குளத்தில் கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி. முல்லைத்தீவுக்குப் போகும் அந்தப் பாதை நம் வன்னிச் சகோதரிகள் பலருக்குத் தெரிந்த பாதைதான். 1990 ஒக்டோபரில் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டவர்களும், பல வருடங்கள் கழித்துப் புத்தளம் முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களும் அந்தக் காடுகளை மறந்திருக்க மாட்டார்கள். நெடுங்கேணிக்கு அப்பால் ஒலுமடு என்ற கிராமம். அதற்கும் அப்பால் காட்டுக்குள்ளே வெடுக்குநாறி மலை. மலை உச்சியில் ஆதிலிங்கேஸ்வரர் கோயில்.

கோயில் சமாச்சாரம் நம் பத்திரிகையில் எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நான் சொல்ல வந்தது கோயிலைப் பற்றியல்ல. அங்கே நீண்ட கைகளைப் பற்றி.

2024 மார்ச் 8, வெள்ளிக்கிழமை. இந்துக்களுக்கு மகா சிவராத்திரி. இரவெல்லாம் கண்விழித்து வழிபடும் நாள். அந்த மலையைத் தொல்பொருட் திணைக்களம் தன்னுடையதென்று சொல்வதால் சில வருடங்களாகவே வழக்கும் வாதமும் நடந்து வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில்தான் அங்கிருந்த சிலைகள் உடைத்து வீசப்பட்டுக் கிடந்தன. அந்தச் சிவராத்திரி அன்று ஒலுமடுப் பக்கத்திலேயே பொலிஸார் வாகனங்களை மறித்தார்கள். மக்கள் காட்டுப்பாதையில் பல கிலோமீற்றர் நடந்து போனார்கள். குடிதண்ணீர் கொண்டு போகவும் விடவில்லை என்று போனவர்கள் சொன்னார்கள். பொழுது சாய்ந்ததும், மாலை 6 மணிக்கு மேல் அங்கே நிற்க அனுமதியில்லை, இது நீதிமன்ற உத்தரவு என்றது பொலிஸ். வழிபாட்டுக்கு நீதிமன்றம் தடை விதிக்கவில்லை என்றார்கள் கோயிலுக்கு வந்தவர்கள்.

பிறகு நடந்ததை நீங்கள் கைத்தொலைபேசியில் பார்த்திருப்பீர்கள். சப்பாத்துக் கால்கள் வழிபாட்டிடத்துக்குள் நுழைந்தன. கூட்டத்தில் இருந்த பெண்களும் தள்ளப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த செல்வராசா கஜேந்திரனைப் பொலிஸார் பலர் சேர்ந்து பலவந்தமாகத் தூக்கி அப்புறப்படுத்தினார்கள். மக்கள் பிரதிநிதி! பாராளுமன்றத்திலே மைக் முன்னால் எழுந்து நிற்கும் உரிமை பெற்ற மனிதர்! கல்யாண வீட்டில் கலகம் செய்தவனை வெளியே போடுவது போலக் கொண்டு போனார்கள். அந்த இரவில் கோயில் பூசகர் உட்பட எட்டுப் பேர் கைதானார்கள்.

எட்டுப் பேரும் வவுனியா நீதவான் முன் நிறுத்தப்பட்டு விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டார்கள். சிறைக்குள்ளே சிலர் உண்ணாவிரதம் இருந்தார்கள். கைது செய்தபோதும் காவலில் வைத்திருந்தபோதும் தாக்கப்பட்டோம் என்றார்கள். வீதிகளில் ஆர்ப்பாட்டம் நடந்தது. பாராளுமன்றத்திலும் அந்த மார்ச் மாதத்திலேயே தமிழ் உறுப்பினர்கள் எதிர்ப்புக் காட்டிக் குரல் எழுப்பினார்கள். மார்ச் 19 அன்று எட்டுப் பேரையும் நீதிமன்றம் விடுவித்தது. பதினொரு நாள் சிறை!

அந்தப் பதினொரு நாளும் அவர்களுடைய வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது, பிள்ளைகள் இரவில் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. சகோதரிகளே, அது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மார்ச் மாதத்தில் நாட்டின் பொலிஸ் மா அதிபராக இருந்தவர் தேசபந்து தென்னக்கோன். ஒருவரைக் காவலில் வைத்துச் சித்திரவதை செய்த வழக்கில், அவர் அடிப்படை உரிமையை மீறினார் என்று 2023 டிசம்பர் 14இல் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. தன் சொந்தப் பணத்திலிருந்து 5 இலட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கவும் உத்தரவிட்டிருந்தது. அந்த மனிதருக்கு நடந்ததை இந்தப் பக்கத்தில் எழுதக் கை கூசுகிறது. தீர்ப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 2024 பெப்ரவரியில், அவரையே பொலிஸ் மா அதிபர் பதவியில் உறுதிப்படுத்தினார்கள்! வீட்டுக்குப் பெரியவர் எப்படியோ, பிள்ளைகளும் அப்படித்தானே? அவர் அந்தப் பதவியில் இயங்குவதை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் நிறுத்தியது. 2025 ஓகஸ்ட் 5இல் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. நீதி வந்தது, ஆனால் சுற்றிச் சுற்றித்தான் வந்தது.

எம்.பி.மார் பட்டது வெடுக்குநாறியோடு தொடங்கியதுமல்ல. 2023 ஜூன் 2இல் மருதங்கேணியில் கஜேந்திரகுமார் பொன்னம்பலம் ஒரு விளையாட்டுக் கழகத்தாரோடு பேசிக்கொண்டிருந்தபோது, சிவில் உடையில் வந்தவர்களோடு தகராறு ஏற்பட்டது. தன்னைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள் என்று அவர் சொன்னார். அதைச் சிறப்புரிமைப் பிரச்சினையாகச் சபையில் எழுப்பினார். ஜூன் 7இல் கொழும்பில் அவரையே கைது செய்து வடக்குக்குக் கொண்டு போய், கிளிநொச்சி நீதவான் முன் நிறுத்தினார்கள். பிணை கிடைத்தது. மூன்று மாதம் கழித்து, செப்டெம்பர் 17இல், திருகோணமலைப் பகுதியில் ஒரு நினைவு ஊர்தியோடு போன கஜேந்திரனைக் கும்பலொன்று வீதியில் வைத்து அடித்தது. பக்கத்தில் பொலிஸார் நிற்பதும் படத்தில் தெரிந்தது.

இந்த இருவரின் அரசியலோடு உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனக்கே எல்லாவற்றிலும் உடன்பாடு இல்லை. அவர்களுடைய மேடைகளில் வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் எத்தனை தடவை உரத்துப் பேசப்பட்டது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் அந்தக் கணக்கை அவர்களோடு நாம் தீர்த்துக் கொள்வோம். பொலிஸ் சப்பாத்து அதற்கு மத்தியஸ்தம் பண்ண வேண்டியதில்லை.

இப்போது பத்திரிகைச் சங்கதிக்கு வருவோம்.

ஒரு கைது நடந்தால் செய்தியாளர் முதலில் யாரைக் கேட்கிறார்? பொலிஸைத்தான். அவர் கையில் கிடைக்கும் முதல் தாள் பொலிஸ் அறிக்கை. வெடுக்குநாறியைப் பற்றி அந்தத் தாளை மட்டும் படித்தவருக்கு, தொல்பொருட் பிரதேசத்தில் சட்டத்தை மீறிய சிலர் கைது என்பதுதான் சேதி. படத்தைப் பார்த்தவருக்கு, தொழுது கொண்டிருந்தவனை எழுப்பி இழுத்துப் போன சேதி. மலை ஒன்று, இரவு ஒன்று, செய்தி இரண்டு! படம் வந்ததே, அங்கே நின்ற உள்ளூர்ச் செய்தியாளர்களாலும் சாதாரண மக்களின் கைத்தொலைபேசிகளாலும்தான். வன்னியில் அந்தத் தொழிலும் இலேசானதல்ல. 2021 நவம்பரில் முள்ளிவாய்க்கால் பெயர்ப்பலகையைப் படம் எடுக்கப் போன செய்தியாளர் ஒருவர், இராணுவத்தினர் தன்னைத் தாக்கினார்கள் என்று காயங்களோடு ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தார்.

செய்தியின் முதல் வரி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை நம்மைவிட யார் அறிவார்? 2019 மே 23ஆம் திகதிய 'திவயின' பத்திரிகையை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்துவிட்டார் என்று முதல் பக்கத்தில் போட்டது. பெயர் போடவில்லை. மறுநாளே குருணாகல் வைத்தியர் கைதானார். இரண்டு மாதம் காவல். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று விசாரணை செய்த குற்றப்புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. ஆனால் அந்தத் தலைப்பைப் படித்தவர்களில் எத்தனை பேர் பின்னால் வந்த சேதியைப் படித்தார்கள்? அந்த நாட்களில் எத்தனை கடைகள் வெறிச்சோடின, எத்தனை சகோதரிகள் அபாயாவோடு பஸ்ஸில் ஏற அஞ்சினார்கள்!

2020 மே 25இல் அளுத்கம பகுதியில், ஓட்டிசம் உள்ள பதினான்கு வயது முஸ்லிம் பிள்ளையொன்றைச் சோதனைச்சாவடியில் இருந்தவர்கள் பிடித்து அடித்தார்கள். அப்போது கொரோனா ஊரடங்கு. பெருநாள் முடிந்த மறுநாள். தனக்கு என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை. அதன் சொல் எடுபட்டிருக்குமா? கண்காணிப்புக் கமெரா ஒன்று அதைப் பதிந்து வைத்திருந்தது. பதிவு வெளியே வந்த பிறகுதான் நாடு பேசியது.

இதைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர நினைத்தேன். கஜேந்திரனுக்குச் சபை இருந்தது. தன்னைத் தூக்கிய கதையை அங்கே சொல்ல முடிந்தது. அளுத்கமப் பிள்ளைக்கு ஒரு கமெரா இருந்தது. உங்கள் மகனை இரவு பத்து மணிக்குக் கூட்டிப் போனால் அவனுக்கு என்ன இருக்கிறது? நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவே சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருங்கள்.

கைது செய்பவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். இது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தரும் உரிமை. எந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டதையும், வந்தவரின் பெயர், இலக்கம், வாகன இலக்கம், நேரம் எல்லாவற்றையும் உடனே எழுதுங்கள். பிள்ளையின் பாடக் கொப்பியானாலும் பரவாயில்லை. சாதாரண சட்டத்தின்கீழ் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் கதை வேறு. பெண்ணைச் சோதனையிடுவதானால் இன்னொரு பெண்தான், அதுவும் கண்ணியத்தோடு சோதனையிட வேண்டும்.

அடித்திருந்தால், நீதவானுக்கு முன்னாலேயே வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். சட்டத்தரணி மூலம் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேளுங்கள். நம் பெண்கள் செய்யும் பிழை ஒன்றுண்டு: பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இரத்தம் பட்ட சட்டையைக் கழுவிக் காயப் போட்டு விடுவது. கழுவாதீர்கள்! கடதாசிப் பையில் போட்டு வையுங்கள். காயத்தைப் படம் எடுங்கள். அரச ஆஸ்பத்திரிக்கே கொண்டு போய், பொலிஸ் அடித்த காயம் என்று சொல்லியே துண்டு எடுங்கள். 'விழுந்து விட்டான்' என்று வெட்கத்துக்காகச் சொன்னால் அந்தத் துண்டே பின்னர் உங்களுக்கு எதிராகப் பேசும்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. அவசர இலக்கம் 1996. அடிப்படை உரிமை வழக்கென்றால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும்; அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. பெரும்பாலான ஏழைக் குடும்பங்கள் தோற்பது இந்த ஒரு மாதத்திலேதான். பயம் தெளிந்து, ஊர்ப் பெரியவர்களிடம் யோசனை கேட்டு, காசு புரட்டி முடிவதற்குள் நாள் போய் விடுகிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டம் குற்றவாளிக்கு 7 வருடத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை சொல்கிறது. சட்டம் வலுவானதுதான், அதன் கதவைத் தட்டத்தான் ஆளில்லை.

உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எழுதுங்கள். தேர்தலுக்கு வாசலுக்கு வந்தவர்தானே? கடிதத்தில் திகதி, நேரம், இடம் இருக்கட்டும். அழுகை இரண்டு வரி போதும். சபையில் எழுந்து பேச அவருக்குத் தேவை விபரம். பிரதியொன்றைப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள், பொலிஸ் அறிக்கைக்குப் பக்கத்தில் உங்கள் தாளும் அந்த மேசையில் கிடக்கட்டும்.

ஒலுமடுவில் அன்று நடந்து போனவர்களிடையே கைக்குழந்தைக்காரிகளும் இருந்திருப்பார்கள். அடுத்த தடவை அந்தப் பாதையால் முல்லைத்தீவுக்குப் போகும்போது, நெடுங்கேணிச் சந்தியில் பஸ் நிற்கும். பக்கத்து ஆசனத்தில் வந்து உட்காரும் நெற்றியில் திருநீறு பூசிய அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பதினொரு நாளையும் அவர் உங்களுக்குச் சொல்லக்கூடும்.