ஜார்ஜ் டவுனில் ஓர் உணவுலா

சில மாதங்களுக்கு முன்பு கல்லூரி மாணவர் நால்வர் என் இல்லம் தேடி வந்தனர். சென்னையின் ஜார்ஜ் டவுன் பகுதியில் ஓர் உணவுலா நடத்த விரும்புவதாகவும், எந்தெந்தக் கடைகளுக்கு அழைத்துச் செல்லலாம் என்று நான் சொல்லவேண்டும் என்றும் கேட்டனர். 'ஃபுட் வாக்' என்று அவர்கள் அதற்குப் பெயர் சொன்னார்கள். வழிகாட்டி ஒருவர் சிறு குழுவைப் பழைய நகரத்தின் தெருக்களில் நடத்திச் சென்று, இடத்துக்கு இடம் சிறிது உண்ணச் செய்து, அந்த உணவின் வழியே அந்த ஊரை அறியச் செய்வதே உணவுலா. கடைப் பட்டியல் கடைசியில் எழுதவேண்டியது என்று நான் சொன்னபொழுது அவர்கள் முகம் சற்று வாடிற்று. அன்று அவர்களுக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

முதலில் அந்த இடம் எத்தகையது என்று பார்ப்போம். 1639-ஆம் ஆண்டில் ஆங்கிலேய வணிகர்கள் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். கோட்டையின் வடபுறத்தில் நெசவாளரும், சாயக்காரரும், தரகரும் குடியேறினர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றி, 1749-இல் திருப்பிக் கொடுத்தனர். வீடுகள் கோட்டைக்கு அருகே இருந்தால் பகைவர் மறைந்து சுடுவதற்கு இடமாகும் என்று கருதி, அந்தப் பழைய ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடம் அதுதான். ஊர் வடக்கே தள்ளிப் புதிதாக எழுந்தது. அந்தப் புது ஊரே பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது. ஆகவே இத்தெருக்களில் வாழ்ந்தவர்கள் யாவரும் ஏதோ ஒரு காலத்தில் வேறிடத்திலிருந்து வந்தவர்களே. தெலுங்கு வணிகர், குஜராத்தியர், மார்வாடியர், ஆர்மீனியர், தமிழ் முஸ்லிம்கள், பர்மாவிலிருந்து திரும்பியோர் என்று வந்தவர் பலர். அவரவர் சமையலும் அவரவரோடு வந்தது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தக் கடை வேண்டும், எது வேண்டாம் என்பது தானே விளங்கிவிடும். சுவையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கடையைச் சேர்த்தல் கூடாது. அந்த ஊரின் கதையில் ஒரு பகுதியை அந்தக் கடை சொல்லவேண்டும்.

பாதை வகுத்தலே இதில் கடினமான வேலை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதும்பொழுது, முதலில் நோக்கம், பின்பு காலம், அதன் பின்பே பாடப்பொருள் என்று எழுதச் சொல்வார்கள். நானும் அவ்வாறே செய்கிறேன். மாலை 4 மணிக்கு இராசப்ப செட்டித் தெருவிலுள்ள கந்தகோட்டத்தின் வாயிலில் தொடங்கி, தங்கசாலைத் தெரு வழியாகச் சென்று, கிழக்கே திரும்பிக் கொத்தவால்சாவடியைத் தொட்டு, ஆர்மீனியன் தெருவைக் கடந்து, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள தெருக்களில் முடிப்பது என் திட்டம். வளைந்து வளைந்து நடந்தாலும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர்தான். கூட்டத்தில் மெல்ல நடக்க 50 நிமிடம், ஏழு இடங்களில் உண்ணப் பத்துப் பத்து நிமிடமாக 70 நிமிடம், பேச 30 நிமிடம். ஆக இரண்டரை மணி நேரம். எதிர்பாராத தாமதத்துக்கென்று அரை மணியைக் கையிருப்பாக வைத்துக்கொள்க.

மேற்கிலிருந்து கிழக்கே செல்ல ஒரு காரணம் உண்டு. சௌகார்பேட்டையில் சமண சமயத்தவர் பலர் வாழ்கின்றனர். அவர்களுள் நோன்பு வழுவாதோர் கதிரவன் மறைந்தபின் உண்பதில்லை. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்ற மண்ணுக்குள் விளைவனவற்றையும் கொள்வதில்லை. உருளைக்கிழங்குக்குப் பதிலாக வாழைக்காய் இட்டுச் செய்த பண்டங்கள் அங்குக் கிடைக்கும். இதை மாணவருக்குக் காட்டவேண்டுமாயின் வெளிச்சத்திலேயே அங்கே சென்றுவிடுதல் நலம். டிசம்பர் மாதத்தில் சென்னையில் 5.45-க்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் என்பதை மறவாதீர். கடற்கரைப் பக்கத்துப் பர்மிய உணவுக் கடைகளோ இருட்டிய பிறகே களைகட்டும். பாதையை மாற்றி வைத்தால் இரண்டையும் இழப்போம்.

பாதையைத் தாளில் வரைந்தால் மட்டும் போதாது. உலாவுக்கு முன் மூன்று முறையேனும் தனியே நடந்து பார்க்கவேண்டும். அவற்றுள் ஒரு முறை உலா நடக்கும் அதே கிழமையில், அதே மணியில். பூட்டிய கடையின் முன் பன்னிரண்டு பேரை நிறுத்திவிட்டு வழிகாட்டி விழிப்பதைப்போல் வெட்கக்கேடு வேறில்லை. உட்கார எங்கே இடம் உண்டு, கழிப்பறை எங்கே உள்ளது, மழை வந்தால் எந்தத் தாழ்வாரத்தில் ஒதுங்கலாம் என்பவற்றையும் குறித்துக்கொள்க. தங்கசாலைத் தெருவில் மாலை வேளையில் தள்ளுவண்டியும் இருசக்கர வண்டியும் மனிதரும் ஒருங்கே நெருக்குவர். அங்கே இருவர் இருவராகத்தான் நடக்க முடியும்.

இனி உண்பொருள். கந்தகோட்டத்தருகே இட்லி போன்ற எளிய தமிழ் உணவோடு தொடங்கலாம். வெறும் வயிற்றில் நெய்ப் பண்டத்தை இடவேண்டாம். தங்கசாலைத் தெருவில் முறுக்கு சாண்ட்விச் என்று ஒன்று விற்பார்கள். ரொட்டித் துண்டுகளுக்குப் பதிலாக இரண்டு முறுக்குகள். நடுவே வெள்ளரியும் தக்காளியும். பச்சை நிறச் சட்னி. நம் ஊர் முறுக்கு, வடநாட்டார் தெருவில், தென் அமெரிக்காவில் பிறந்த தக்காளியோடு கூடி நிற்கும் காட்சி அது. அடுத்து ஜிலேபி. அச்சொல் அரபு, பாரசீக மொழிகள் வழியே வந்தது; 'ஜலாபியா', 'ஜுல்பியா' என்று அங்கெல்லாம் வழங்கிற்று. தங்கசாலை என்ற பெயரே நாணயம் அடித்த சாலையால் வந்தது. அந்த நாணயச்சாலை 1840-களில் இத்தெருவுக்கு வந்தது. அதற்கு முன் இது வண்ணார் தெரு. கும்பினியார் வாங்கிய துணிகளை வெளுத்தவர்கள் இங்கே இருந்தனர். கையில் ஜிலேபியோடு இதைக் கேட்ட மாணவன், தேர்வுக்காகப் படித்தவனைவிடச் சற்றுக் கூடுதலாகவே நினைவில் வைத்திருப்பான் என்பது என் எண்ணம்.

தெருவின் வடபுறத்தில் ஏழுகிணறு உள்ளது. கோட்டைக்குக் குடிநீர் அளிக்க 1772-இல் அங்கே கிணறுகள் அமைக்கப்பட்டன. ஆர்மீனியன் தெருவின் மாதாகோயில் இப்போதைய வடிவில் எழுந்ததும் அதே ஆண்டில்தான். இராமலிங்க அடிகள் இளமையில் வாழ்ந்தது ஏழுகிணற்றுப் பகுதியில். அவர் நாள்தோறும் நடந்து சென்று பாடியது கந்தகோட்டத்து முருகனை. பின்னாளில், 1867-இல், பசித்தோர்க்கு உணவிட வடலூரில் தருமச்சாலை தொடங்கிய பெரியவர் நடந்த தெருக்களில் நாம் உணவுலா போகிறோம் என்பதை நான் கந்தகோட்ட வாயிலிலேயே சொல்லிவிடுவது வழக்கம்.

கொத்தவால்சாவடியில் உண்பதற்கு அதிகம் இல்லை, பார்ப்பதற்கு உண்டு. 1996-இல் மொத்தக் காய்கறி வணிகம் கோயம்பேட்டுக்கு மாறும்வரை, நகரம் முழுவதற்கும் காய் இங்கிருந்துதான் போயிற்று.

கடைசி நிறுத்தம் அத்தோ. 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி வந்தது. கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாயின. 1964-இல் பெரிய நோட்டுகள் செல்லாதவை ஆக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். பொருளைக் கொண்டுவர முடியவில்லை, கைப்பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் மறுவாழ்வுக்காக 1969-இல் பர்மா பஜார் அமைந்தது. கலவை உணவைக் குறிக்கும் பர்மியச் சொல்லே அத்தோ என்று திரிந்தது. மஞ்சள் சிவந்த நூடுல்சோடு முட்டைக்கோசு, வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், வறுத்த மிளகாய்த்தூள் சேர்த்து, மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையால் பிசைந்து தருவர். உடன் வாழைத்தண்டு சூப்பு. வேகமாகப் பிசையும் அந்தக் கையை மாணவர்கள் முதலில் பார்க்கட்டும், பேச்சு பிறகு. பொதுவாகவே சூடான பண்டத்தின் முன் சொற்பொழிவு ஆற்றுதல் தவறு. உண்டபின் அடுத்த கடைக்கு நடக்கும்பொழுது சொல்லுங்கள்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஏழு இடங்களில் ஒவ்வொருவரும் 70 கிராம் உண்டால் மொத்தம் 490 கிராம்; அதுவே ஒரு வேளை உணவு. ஆகவே ஒரு தட்டை இருவருக்கோ மூவருக்கோ பகிரவேண்டும். நிலக்கடலை, முந்திரி முதலியவை சிலருக்கு ஒவ்வா. இட்லிப்பொடியிலும் சட்னியிலும் எண்ணெயிலும் கடலை மறைந்திருக்கக்கூடும். ஆகையால் முன்னமே ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டு எழுதிக்கொண்டு, கடைக்காரரிடமும் விசாரிக்கவேண்டும். உதடு தடித்து மூச்சுத் திணறினால், சற்றுப் பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க. ஸ்டான்லி மருத்துவமனையும், சென்ட்ரல் எதிரேயுள்ள அரசுப் பொது மருத்துவமனையும் அருகிலேயே உள்ளன. கண்ணெதிரே கொதித்து இறங்குவதைத் தேர்ந்தெடுங்கள்; நறுக்கி வைத்து வெகுநேரம் ஆனதைத் தவிர்த்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் கடையில் இருக்கிறதா என்று பார்ப்பதும் வழிகாட்டியின் கடமை.

இவ்வளவும் சொல்கிறேனே, என் முதல் உலா எப்படி நடந்தது தெரியுமா? 2009-இல், நான் பணியில் இருந்த காலத்தில், முப்பத்திரண்டு மாணவர்களை ஒருசேர அழைத்துச் சென்றேன். கடைக்காரர் எவரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு சிறு கடையின் முன் அத்தனை பேரும் மொய்த்துக்கொண்டோம். கைவண்டி இழுப்பவர் ஒருவர் வந்து, எட்டிப் பார்த்து, சற்று நின்று, பிறகு உண்ணாமலே வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் நாள்தோறும் அங்கே வருபவர் என்றும், அடுத்த நடை முடியும்வரை அவருக்கு வேளை கிடைக்காது என்றும் கடைக்கார அம்மாள் சொன்னார். கடிந்து சொல்லவில்லை, அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. நாங்கள் வேடிக்கையாகச் சுவைத்தது அவருக்குச் சோறு.

அன்றைய பிழை அதோடு முடியவில்லை. "அவரவர்க்கு வேண்டியதை அவரவர் வாங்கிக்கொள்க" என்று நான் அறிவித்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எந்தக் கடையிலும் கை நீட்டவில்லை. கேட்டபொழுதெல்லாம், "வயிறு சரியில்லை, ஐயா" என்றான். இஞ்சி போட்டுத் தேநீர் குடி என்று வைத்தியம் சொல்லிவிட்டு நான் முன்னே நடந்தேன். முப்பது ஆண்டுக்கு நெருங்கிய ஆசிரியப் பழக்கம் என் கண்ணைத் திறக்கவில்லை. அவனிடம் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் காசில்லை என்பது அடுத்த வாரம் வேறொரு மாணவன் வாயிலாகத்தான் தெரிந்தது. மூன்று கிலோமீட்டர் தூரம், மணக்க மணக்க, அவனைப் பட்டினியாக நடத்திச் சென்றிருக்கிறேன். அவனிடம் இதைப்பற்றி நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் மறுபடியும் வயிற்றைத்தான் காரணம் சொல்லியிருப்பான்.

அதன்பின் வகுத்துக்கொண்ட முறையே இன்றுவரை என் முறை. குழு பன்னிருவருக்கு மேல் இல்லை. கடைக்காரரிடம் முன்னாளே சென்று, நாளும் மணியும் எத்தனை தட்டு என்பதும் சொல்லி, கூட்டம் மிகும் நேரத்தைக் கேட்டு, அதை விலக்கிச் செல்வோம். முழு விலை கொடுப்போம்; பேரம் இல்லை; படம் எடுக்க அவர் இசைவு வேண்டும். வழிகாட்டி கடைக்காரரிடம் தரகு வாங்கலாகாது. வாங்கினால் அவர் சொல்லும் கதையில் உப்பு குறைந்துவிடும். பணம் உலாவுக்கு முன்னரே ஒரே பொதுநிதியில் சேர்க்கப்படும், யார் எவ்வளவு இட்டார் என்பது நிதி வைத்திருப்பவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும், இடாதவரும் இருக்கலாம். தெருவில் எவரும் பையைத் திறக்கவேண்டியதில்லை. அடுத்த உலாவில் அந்த மாணவனும் வந்தான். தட்டு அவன் கைக்கும் மற்றவர் கைக்கும் ஒன்றுபோலவே போயிற்று. ஜிலேபியை அவன் நெடுநேரம் வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகத் தின்றான். நாங்கள் அடுத்த தெருவுக்குத் திரும்பியபொழுதும் அவன் விரலில் பாகு இருந்தது.

உலா முடியும் இடத்தில் ரயில் நிலையம் இருப்பது நல்ல வசதி. பெயர்களைப் படித்து, பன்னிருவரும் இருக்கிறார்களா என்று எண்ணி, தாம்பரம் வண்டிக்குப் போகிறவர்களையும், மண்ணடியில் மெட்ரோ பிடிப்பவர்களையும் இரு பிரிவாகப் பிரித்து அனுப்புங்கள். அனைவரும் வீடு சேர்ந்த செய்தி வரும்வரை வழிகாட்டிக்கு உலா முடிந்ததாகக் கணக்கில்லை. என்னைத் தேடி வந்த நால்வரும் இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு, கடைப் பட்டியல் கேட்காமலே புறப்பட்டார்கள். வருகிற சனிக்கிழமை முதல் முறையாகத் தனியே நடந்து பார்க்கப் போகிறார்களாம், என்னையும் அழைத்திருக்கிறார்கள்.