சிறுநீரகம் காப்போம் - 14: காபியை நிறுத்தும் முன்...

சென்ற வாரம் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் சிறுநீரகத்தின் செயல்திறனைக் காட்டும் கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். ஆகிய இரண்டையும் எப்படிப் படிப்பது என்று பார்த்தோம். அந்த அறிக்கை கைக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலில் பறிபோவது காலைக் காபிதான். "கிட்னியில் கோளாறு என்கிறார்கள், இனி காபியைத் தொடாதீர்கள்" என்று டம்ளரை வாங்கி வைத்துவிடுகிறார்கள். அக்கறையில் எடுக்கும் முடிவு அது. ஆனால், நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு உள்ள பெரும்பாலோருக்கு அது தேவையற்ற தண்டனை. சிலருக்கு அதனாலேயே புது ஆபத்தும் வந்து சேர்கிறது.

காஃபின் என்ன செய்கிறது?

காபியில் உள்ள காஃபினை உடைப்பது பெரும்பாலும் கல்லீரல். அப்படியே மாறாமல் சிறுநீரில் வெளியேறுவது மிகச் சொற்பம். அமெரிக்காவில் 1999 முதல் 2010 வரை திரட்டப்பட்ட உடல்நலத் தகவல்களிலிருந்து, சிறுநீரகப் பாதிப்புள்ள 4,863 பேரைப் பற்றிய விவரங்களைப் போர்ச்சுகல் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதிகம் காஃபின் எடுத்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாகவே இருந்தது. இதை வைத்து 'காபிதான் காப்பாற்றியது' என்று சொல்லிவிட முடியாது. அளவான காபி சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதற்கு அதில் சான்று இல்லை என்பது மட்டும் உறுதி.

ரத்த அழுத்தத்தில் கவனம் தேவை. காபி குடித்த சில மணி நேரத்துக்கு அழுத்தம் சற்று ஏறும். பழக்கம் இல்லாதவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஏறும். எனவே, பி.பி. பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி குடிக்கக் கூடாது. மாத்திரை போட்டும் அழுத்தம் அடங்காதவர்கள், முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு காபியைப் பற்றி யோசிக்கலாம்.

டிகாஷனைவிடப் பாலே கணக்கு

காஃபினைவிட நாம் கவனிக்க வேண்டியவை, பழுதான சிறுநீரகம் வெளியேற்றத் திணறும் பொட்டாசியமும் பாஸ்பரஸும். 240 மில்லி கடுங்காபியில் சுமார் 116 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது, பாஸ்பரஸ் 10 மி.கி.கூட இல்லை. நாம் குடிப்பதோ கள்ளிச்சொட்டுப் போன்ற பால் காபி. 100 மில்லி பசும்பாலில் சுமார் 140 மி.கி. பொட்டாசியமும் 90 மி.கி. பாஸ்பரஸும் உள்ளன. எருமைப்பாலில் பாஸ்பரஸ் இன்னும் அதிகம். ஒரு டம்ளர் காபிக்கு 100 மில்லி பால் என்று வைத்தால், மூன்று டம்ளரில் 270 மி.கி. பாஸ்பரஸ் சேர்ந்துவிடும். பாஸ்பரஸைக் குறைக்க வேண்டியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நாள் அளவு 800 முதல் 1,000 மி.கி. சாப்பிட உட்காரும் முன்பே அதில் கால் பங்குக்கு மேல் முடிந்துவிடுகிறது. ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறினால் தோல் அரிக்கும், எலும்பு வலுவிழக்கும், ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும்.

பாலுக்குப் பதில் பயன்படுத்தும் காபி கிரீமர் பொடிகள் இன்னும் மோசம். பாலில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியைத்தான் குடல் உறிஞ்சும். பொடி கட்டிதட்டாமல் கரையச் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ, பெரும்பகுதி ரத்தத்துக்கே போய்விடும். பாக்கெட்டின் பின்புறம் '340' என்ற எண் இருந்தால் அது பொட்டாசியம் பாஸ்பேட். வேண்டாத இரண்டும் அதில் ஒன்றாக வருகின்றன.

மாற்று என்ற பெயரில்

என்னை அதிகம் கவலைப்படுத்துவது, காபியை விட்டவர்கள் அதற்குப் பதிலாகக் கையில் எடுப்பவை. 'கிட்னிக்குக் குளிர்ச்சி' என்று தினமும் இளநீர் குடிக்கிறார்கள். 200 மில்லி இளநீரில் 400 முதல் 500 மி.கி. பொட்டாசியம் இருக்கலாம். பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத சிறுநீரகத்துக்கு அது பெரும் சுமை. அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கருப்பட்டி போட்ட சுக்கு காபியும் பாதுகாப்பானதல்ல. வெள்ளைச் சர்க்கரையில் பொட்டாசியம் கிட்டத்தட்ட இல்லை; கருப்பட்டியிலும் வெல்லத்திலும் நிறையவே உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கோ இந்த மூன்றுமே ஆகாது. பாலில் கலக்கும் சத்துமாவு பானங்களிலும் இதே பொட்டாசியம், பாஸ்பரஸ் பிரச்சினை உண்டு.

இன்னொன்று, தலைவலி. பல வருடப் பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தினால் மண்டை பிளக்கும். உடனே மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறார்கள். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு அவை நேரடியான கேடு. நிறுத்தத்தான் வேண்டும் என்றால், வாரத்துக்கு ஒரு வேளை வீதம் படிப்படியாகக் குறைத்து வாருங்கள்.

யாருக்கு எவ்வளவு?

சிறுநீரகப் பாதிப்பின் ஆரம்ப நிலையில், ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சரியாக இருந்தால், நாளுக்கு இரண்டு சிறிய டம்ளர் காபியில் தவறில்லை. நான்காம், ஐந்தாம் நிலையில் இருப்பவர்கள் தங்கள் பரிசோதனை அறிக்கையைக் காட்டி மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். பாலைப் பாதியாக்கினால் பாஸ்பரஸும் பாதியாகும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் பலருக்கு நாள் முழுவதும் குடிக்கும் திரவம் மொத்தமே ஒரு லிட்டர் அளவுக்குத்தான் அனுமதி. 150 மில்லி வீதம் மூன்று காபி குடித்தால் அதில் ஏறக்குறைய பாதி போய்விடும். மாத்திரை விழுங்கத் தண்ணீர் மிஞ்சாது. அவர்கள் காபியையும் தண்ணீர்க் கணக்கில் எழுத வேண்டும்.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் காபிக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காபி இரும்பை உடம்பில் சேரவிடாது.

வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், அவருடைய டம்ளரைப் பறிக்கும் முன் அவருடைய ரத்த அறிக்கையில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் எவ்வளவு என்று பாருங்கள். காபி வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை அந்த எண்களும் மருத்துவரும் முடிவு செய்யட்டும்.

(தொடரும்)