ராஸ் சொன்னதா, வைரஸ் சொன்னதா?

செல்லின் பாஷை – 9

சென்ற வாரம் பெய்ட்டன் ரவுஸின் கோழியில் தொடங்கி 1976 வரை வந்து நின்றோம். கோழிக்குக் கட்டி வரவைத்த வைரஸ், அந்த வேலைக்கான ‘சார்க்’ மரபணுவை ஏதோ ஒரு காலத்தில் கோழியின் செல்லிலிருந்தே கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறது என்று பிஷப், வார்மஸ் குழுவினர் காட்டினார்கள். அடுத்தவர் மரபணுவைச் சுமக்கத் தெரிந்த வைரஸ், நாம் கொடுப்பதைச் சுமக்காதா?

சுமக்கும். ஆனால் முதலில் அதை மலடாக்க வேண்டும். 1983-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மான், மல்லிகன், பால்டிமோர் மூவரும் அதற்கு ஒரு வழி கண்டார்கள். எடுத்துக்கொண்டது எலிக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் மொலோனி வைரஸ். அதன் உறுப்புகளைச் செய்யும் மரபணுக்களை ஒரு செல்லுக்குள் நிரந்தரமாகக் குடிவைத்தார்கள்; ‘என்னைக் கூட்டுக்குள் ஏற்று’ என்று அடையாளம் காட்டும் துண்டை மட்டும் அவற்றிலிருந்து வெட்டிவிட்டார்கள். அந்த அடையாளத் துண்டோடு நமக்கு வேண்டிய மரபணுவைச் சேர்த்து அதே செல்லுக்குள் விட்டால், வைரஸ் கூடுகளில் நம் சரக்குதான் ஏறும். இப்படி வெளிவரும் வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழையும், சரக்கை அதன் டி.என்.ஏ.வில் ஒட்டும். அத்தோடு சரி. பெருகுவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

இந்த வாரச் சரக்கு, ராஸ் என்ற புரதத்தின் மரபணு.

‘வளர்’ என்று வெளியிலிருந்து வரும் உத்தரவை, செல் சவ்வின் உட்புறத்தில் நின்று வாங்கி ராஃப், மெக், எர்க் என்ற நொதி வரிசைக்குக் கைமாற்றுவது ராஸின் வேலை. ஜி.டி.பி. (GTP) என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும்வரை அது இயங்கும். அந்த மூலக்கூறை வெட்டியதும் ஓய்ந்துவிடும். அதன் 12-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்தால் வெட்டும் திறன் போய்விடும். பிறகு, வாஷர் போன குழாய்தான், மூடினாலும் ஒழுகும். 1982-இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இந்த ஒற்றை எழுத்துப் பிழையைத்தான்.

அப்படியானால் நல்ல செல்லுக்குள் இந்தக் கெட்ட ராஸை விட்டால் அது தறிகெட்டுப் பெருக வேண்டும், இல்லையா? கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மானுவல் செரானோ, ஸ்காட் லோ ஆகியோரின் குழு இதைச் செய்து பார்த்தது. உடலிலிருந்து எடுத்த இயல்பான செல்கள் வெளி டி.என்.ஏ.வை எளிதில் ஏற்பதில்லை; அதனால் வைரஸை நம்பினார்கள்.

இத்தகைய சோதனை ஆய்வக மேசையில் நடக்கும் விதம் இது. வைரஸ் தயாரிக்கும் செல்கள் வளரும் தட்டிலிருந்து, இரண்டு நாள் கழித்து மீடியத்தை உறிஞ்சுவார்கள். இளஞ்சிவப்பாக ஊற்றியது அதற்குள் ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பியிருக்கும். வைரஸ் அதில்தான் மிதக்கிறது. 0.45 மைக்ரான் வடிகட்டி வழியே விட்டால் உதிர்ந்த செல்கள் தங்கிவிடும், வைரஸ் கடந்துவிடும். வைரஸ், செல் இரண்டின் மேற்பரப்பிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கும். அதைத் தணிக்கப் பாலிபிரீன் கொஞ்சம் சேர்த்து, ஆராய வேண்டிய செல்கள் மீது ஊற்றுவார்கள். பிறகு ப்யூரோமைசின் மருந்து. வைரஸ் தன்னோடு இந்த மருந்தைத் தாங்கும் மரபணுவையும் கொண்டுவந்திருப்பதால், சரக்கு வந்து சேர்ந்த செல்கள் மட்டும் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றவை சில நாட்களில் செத்து மிதக்கும். கெட்ட ராஸைச் சுமக்கும் இந்த வைரஸ் மனிதச் செல்லுக்குள்ளும் போகக்கூடும் என்பதால், கையுறை இல்லாமல் யாரும் கிட்டே போவதில்லை. பயன்படுத்திய பிப்பெட்கூட பிளீச்சில் ஊறிய பிறகுதான் குப்பைக்குப் போகும்.

1997-இல் ‘செல்’ இதழில் வெளியான முடிவு, எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. ராஸ் பெற்ற செல்கள் பெருகவில்லை. தட்டையாகி, அகன்று, பிரிவதையே நிரந்தரமாக நிறுத்திவிட்டன. வயதான செல்களுக்கே உரிய நீலச் சாயம் அவற்றில் ஏறியது. பிரிவைத் தடுக்கும் பி53, பி16 என்ற இரு காவல் புரதங்களும் உள்ளே குவிந்திருந்தன. பிடிவாதமான வளர்ச்சி உத்தரவைச் சந்தேகப்பட்டுச் செல் தன்னையே பூட்டிக்கொள்கிறது என்று இதற்குப் பொருள் கொண்டார்கள்.

செல்களை நிறுத்தியது வைரஸோ மருந்தோ இல்லை என்று எப்படித் தெரியும்? பக்கத்துத் தட்டில் இருந்த செல்களுக்கும் அதே வைரஸ், அதே மருந்து. உள்ளே ராஸ் மட்டும் கிடையாது. இந்த ‘காலி வெக்டர்’ செல்கள் வழக்கம்போலப் பிரிந்துகொண்டிருந்தன. காலி வெக்டர் இல்லாத வைரஸ் சோதனையை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

ஆனால் காலி வெக்டராலும் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று உண்டு: ராஸ் எவ்வளவு உற்பத்தியானது? வைரஸின் இரு முனைகளிலும் உள்ள துண்டுகள் மரபணுவை ஓயாமல் முடுக்கிவிடும் இயல்புடையவை. செல்லின் சொந்த ராஸ் அதன் தேவைக்கு அளந்து உற்பத்தியாகிறது. வைரஸ் கொண்டுவந்ததோ அளவில்லாமல் கொட்டுகிறது. 2004-இல் டூவ்சன், ஜேக்ஸ் குழுவினர் வைரஸை ஒதுக்கிவிட்டு, எலியில் ராஸின் ஒரு வகையான கே-ராஸ் மரபணுவை அது இருக்கும் இடத்திலேயே கெடுத்தார்கள். அளவு இயல்பாக இருந்தது. அந்தச் செல்கள் பூட்டிக்கொள்ளவில்லை, தாராளமாகப் பெருகின.

அப்படியென்றால் 1997-இல் கண்டது வைரஸின் பொய்யா? அதுவும் இல்லை. 2005-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் நம் தோலில் இருக்கும் மச்சத்தை ஆராய்ந்தார்கள். ராஸுக்கு அடுத்த படியில் நிற்கும் பி-ராஃப் கெட்டுப்போன நிறமிச் செல்கள், பி16 நிரம்பி, நீலச் சாயம் ஏற்று, பல்லாண்டுகளாகப் பிரியாமல் மச்சத்தில் உட்கார்ந்திருந்தன. எந்த வைரஸும் அங்கே போகவில்லை. 2007-இல் எலியின் பால் சுரப்பியில், டாக்சிசைக்ளின் மருந்தைக் கூட்டியும் குறைத்தும் ராஸின் அளவை மாற்றிப் பார்த்தார்கள். கொஞ்சம் ராஸ் செல்லைப் பெருக்கியது, நிறைய ராஸ் நிறுத்தியது.

செரானோ கண்டதும் சரி, டூவ்சன் கண்டதும் சரி. ‘ராஸ் என்ன செய்யும்?’ என்ற கேள்விதான் அரைகுறை. ‘எந்தச் செல்லில், எவ்வளவு ராஸ் என்ன செய்யும்?’ என்றால்தான் கேள்வி முழுமை. அதனால்தான் இன்று பல ஆய்வகங்கள் டாக்சிசைக்ளின் கொடுத்தால் மட்டும் இயங்கும் வெக்டர்களை விரும்புகின்றன. புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் வைரஸ் தந்த புரதத்தின் பட்டையைச் செல்லின் சொந்தப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்து, எது எத்தனை மடங்கு தடிமன் என்று பார்க்கிறார்கள். கட்டுரையில் அந்தப் படம் இல்லாவிட்டால், முடிவு எத்தனை பரபரப்பாக இருந்தாலும் அதைப் பாதியாக எடுத்துக்கொள்வதே நல்லது.

(அடுத்த வாரம்: புரதத்தைக் கூட்டாமல், வைரஸை வைத்தே அதைக் குறைத்துப் பார்ப்பது எப்படி?)