மூன்றாம் எண் அபாயம்

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் பனி, பனிச்சரிவு ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அது எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகிறது. அபாயத்துக்கு 1 முதல் 5 வரை எண் உண்டு. 5 என்றால் யாரும் மலைப்பக்கம் போக மாட்டார்கள். அதிக உயிர்களைப் பறிப்பது 3தான். நடுவில் இருக்கும் எண் அல்லவா, ‘பரவாயில்லை, போகலாம்’ என்று தோன்றிவிடுகிறது!

பனிப்படிவின் அடியில் சர்க்கரைபோல ஒட்டாத குருணை அடுக்கு ஒன்று உருவாகும். அதன்மேல் காற்று அடித்துக் கொண்டுவரும் பனி பலகையாக இறுகிவிடும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில், சறுக்கிச் செல்லும் ஒருவரின் எடையே அந்தப் பலகையை உடைக்கப் போதும். பலியாகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் குழுவினரோ கிளப்பிவிட்ட பனிச்சரிவில்தான் சிக்குகிறார்கள். காலடியில் ‘தொம்’ என்று பனி அமுங்கும் ஓசை கேட்டால், கீழே அடுக்கு நொறுங்குகிறது என்று பொருள். அப்போதே சரிவை விட்டு விலகிவிட வேண்டும்.

புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் வெளியே எடுக்காவிட்டால் பிழைப்பது கடினம். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அதனால் சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருந்தாக வேண்டும்.