விமானத்துக்கும் உண்டு தாய்ப் பத்திரம்!

வீட்டுச் சாவியைத் தொலைப்போம், மூக்குக்கண்ணாடியைத் தொலைப்போம். 100 அடி நீளமுள்ள விமானத்தைத் தொலைக்க முடியுமா?

ஏர் இந்தியா தொலைத்தது. 1982-ல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்த ஒரு போயிங் 737, பயணிகளைச் சுமந்து, பிறகு தபால் மூட்டைகளைச் சுமந்து, 2012-ல் கொல்கத்தா விமான நிலையத்தின் ஒரு மூலையில் ஓய்வாக நிறுத்தப்பட்டது. அதன்பிறகு அதிகாரிகள் மாறினார்கள், நிர்வாகம் மாறியது, கடைசியில் நிறுவனமே டாடா கைக்குப் போனது. இதற்கிடையில் சொத்துப் பட்டியல்களிலிருந்து அந்த விமானம் எப்படியோ நழுவிவிட்டது. ‘உங்கள் விமானத்தை எடுத்துக்கொண்டு போங்கள்’ என்று விமான நிலையம் கேட்டபோதுதான், அப்படி ஒன்று தங்களுக்கு இருப்பதே நிறுவனத்துக்குத் தெரிந்தது. 13 வருட பார்க்கிங் கட்டணம் மட்டும் கிட்டத்தட்ட 1 கோடி ரூபாய். 2025 நவம்பரில் லாரியில் ஏற்றி பெங்களூருக்கு அனுப்பிவைத்தார்கள்.

வாட்ஸ்அப்பில் சிரிப்பு ஸ்மைலியோடு சுற்றிய செய்தி இது. அந்த விமானம் பறக்கவில்லை, அதனால் சிரிக்க முடிந்தது. பறந்துகொண்டிருக்கும் ஒரு விமானத்தின் பேப்பர் தொலைந்தால் என்ன ஆகும்?

மூலப்பத்திரம் எங்கே?

நிலம் வாங்கப் போகிறீர்கள். இடம் நன்றாக இருக்கிறது, விலையும் படிகிறது. ஆனாலும் வக்கீல் என்ன கேட்பார்? ‘தாய்ப் பத்திரம் எங்கே?’ என்பார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்கிற சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வங்கி கடன் தராது.

விமான இன்ஜினிலும் இதே கதைதான். உள்ளே அசுர வேகத்தில் சுழலும் டிஸ்க்குகளுக்கு ஆயுள் கணக்கு உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேலே போய், இறங்கி, அணைத்தால் அது ஒரு சைக்கிள். ஒவ்வொரு டிஸ்க்கும் இத்தனை ஆயிரம் சைக்கிள்தான் ஓடலாம் என்று தயாரித்தவரே எல்லை போட்டிருப்பார். அந்த எண் வந்ததும், பாகம் பார்ப்பதற்குப் புதிதாகப் பளபளத்தாலும் கழற்றிப் போட்டுவிட வேண்டும். உலோகச் சோர்வு வெளியே தெரியாது.

இதுவரை எத்தனை சைக்கிள் ஓடியிருக்கிறது என்று டிஸ்க்கைத் தட்டிப் பார்த்தோ, உரசிப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. பேப்பர்தான் சொல்ல வேண்டும். எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்த நாட்டில் எந்த இன்ஜினில் உட்கார்ந்தது, எப்போது கழற்றினார்கள், அடுத்து யாரிடம் போனது என்று பிறந்த நாள் வரை பின்னோக்கிப் போகிற ஆவணச் சங்கிலி வேண்டும். நடுவில் இரண்டு வருடக் கணக்கு காணவில்லையா? வேறு ஆவணங்களை வைத்து அந்த இடைவெளியை நிரூபித்தாக வேண்டும். முடியாவிட்டால், பெரும் விலை பெறும் பாகம் பழைய இரும்புக் கடைச் சரக்காகிவிடும்.

இந்தியாவில் பறக்கும் பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்தவை. குத்தகை முடிந்து திருப்பித் தரும்போது உரிமையாளரின் ஆட்கள் வந்து முதலில் கேட்பது இந்தக் கட்டுகளைத்தான். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் பறப்பதை நிறுத்தியபோது, அதன் 54 விமானங்களுக்காக உரிமையாளர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடத்திய வழக்கு நினைவிருக்கலாம். அதில் பாகங்களைக் கழற்றக் கூடாது என்பதோடு, ஆவணங்களையும் எடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது.

ஒரு வரிக் குறிப்பு

பண விஷயம் இருக்கட்டும். உயிர் விஷயத்துக்கு வருவோம்.

1980 பிப்ரவரி 7. சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்று ஹாங்காங்கில் இறங்கும்போது அதன் வால் பகுதி ஓடுபாதையில் உரசிவிட்டது. அடிவயிற்றுத் தகட்டில் நீளமான கீறல்கள். தற்காலிகமாக ஒட்டுப் போட்டு பறந்தார்கள். மே மாதம் நிரந்தரமாகப் பழுது பார்த்தார்கள்.

தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் முறை தெளிவானது. கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுக்க வேண்டும்; இல்லையென்றால் கீறலைத் தடம் தெரியாமல் தேய்த்து நீக்க வேண்டும். அதன்பிறகுதான் சேதத்தைத் தாண்டிப் போதுமான அளவுக்குப் பரவும் மேல்தகடு அடிக்க வேண்டும். அங்கே நடந்தது வேறு. கீறல்கள் இருந்தபடியே இருக்க, அவற்றின் மேல் அலுமினியத் தகட்டை வைத்து ரிவெட் அடித்து மூடிவிட்டார்கள். ஓட்டை விழுந்த குடத்துக்கு மேலே எம்சீல் வைத்தது மாதிரி.

பதிவேட்டில் என்ன எழுதினார்கள்? கையேட்டின்படி அடிப்பாகம் பழுது பார்க்கப்பட்டது என்று ஒரு சுருக்கமான குறிப்பு. எந்த அளவுக்குச் சேதம், எவ்வளவு வெட்டினார்கள், யார் சரிபார்த்தார்கள் என்ற விவரத் தாள்கள் பின்னாளில் விசாரணைக்குக் கிடைக்கவில்லை. ஒரு வரியில் ‘முடிந்தது’ என்று இருந்ததால், அடுத்து வந்த ஒவ்வொரு இன்ஜினீயரும் முடிந்தது என்றே நம்பினார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முந்தின ஆளின் கையெழுத்தை நம்பாமல் ஒரு ஹேங்கரில் ஒருநாள்கூட வேலை பார்க்க முடியாது.

ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் விமானத்தின் உடம்பு பலூன்போல லேசாக விரியும், இறங்கும்போது சுருங்கும். 22 வருடங்கள், ஆயிரக்கணக்கான பயணங்கள். மூடிய தகட்டுக்கு அடியில் கீறல் விரிசலாகி, விரிசல் நீண்டுகொண்டே போனது. வெளியிலிருந்து பார்த்தால் மேல்தகடுதான் தெரியும்.

2001 நவம்பரில், பழைய பழுதுகளை மறுபடி மதிப்பிடும் திட்டத்துக்காக அந்தத் தகட்டைப் படம் பிடித்தார்கள். அந்தப் படங்களில் தகட்டின் ஓரத்தில் பழுப்புக் கறைகள் இருந்தன. உள்ளிருந்து காற்று கசிந்ததற்கான தடயம். விமானத்துக்குள் புகைபிடிக்க அனுமதி இருந்த காலத்தில் சிகரெட் புகை கசிந்து படிந்த கறையாக இருக்கலாம் என்று பின்னர் பேசப்பட்டது. அந்தப் பழுதை முறையாக மதிப்பிட வேண்டிய நாள் 2002 நவம்பர் என்று அட்டவணையில் இருந்தது.

2002 மே 25 அன்று தைபேயிலிருந்து ஹாங்காங்குக்குக் கிளம்பிய அந்த விமானம், தைவான் ஜலசந்தியின் மேலே சுமார் 35,000 அடி உயரத்தில் துண்டு துண்டாக உடைந்தது. 225 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

எழுதப்படாத வேலையும் இதேபோல ஆளைக் கொல்லும். 1991 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில் விழுந்த கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் விமானத்தின் வால் இறக்கையில், மேற்பக்கமிருந்து 47 ஸ்க்ரூக்களை முந்தின இரவு ஒரு ஷிஃப்ட் கழற்றியிருந்தது. கழற்றியதை எழுதிவைக்கவில்லை, அடுத்த ஷிஃப்டுக்குச் சரியாகச் சொல்லவும் இல்லை. மறுநாள் காலை விமானம் கிளம்பியது. 14 பேர் இறந்தார்கள்.

எண்ணெய்க் கையோடு ஒரு கையெழுத்து

விமானப் பராமரிப்புத் துறையில் ‘டர்ட்டி ஃபிங்கர்பிரின்ட்’ என்று ஒரு சொல் உண்டு. அழுக்குக் கைரேகை! வேலை செய்த மெக்கானிக் கிரீஸ் படிந்த கையோடு நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய அசல் தாளுக்குத்தான் அந்தப் பெயர். சுத்தமாக டைப் அடித்த சுருக்கத்தைவிட இந்த அழுக்குத் தாளுக்கு மதிப்பு அதிகம். ஒரு பெரிய செக் முடிந்தால் இந்த மாதிரித் தாள்கள் ஆயிரக்கணக்கில் சேரும். 20 வயது விமானத்தின் ஆவணங்கள் என்றால் அட்டைப்பெட்டிகளால் ஓர் அறையே நிறைந்துவிடும்.

தீ, வெள்ளம், கரையான் மூன்றுமே அந்த அறைக்கு எதிரி. இவை வராவிட்டாலும் காலம் தன் வேலையைச் செய்யும். பழைய ஃபேக்ஸ் காகிதத்தில் எழுத்து தானாகவே மறையும். நம் வீட்டு டிராயரில் ஏ.டி.எம் சீட்டு வெள்ளையாகிக் கிடக்குமே, அதே மாதிரி. கார்பன் பிரதியின் மூன்றாவது தாளில் ஆரம்பத்திலிருந்தே பாதிதான் தெரிந்திருக்கும்.

எனவே ஸ்கேன் செய்கிறார்கள். கேட்கச் சுலபம். செய்பவர்களுக்குத்தான் தெரியும். முதலில் ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தாளின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்; முன்பக்கம் இடம் போதாமல் பின்னால் எழுதியவர்கள் நிறைய. பிறகு கம்ப்யூட்டர் எழுத்துகளைப் படிக்க முயலும். அச்செழுத்தை நன்றாகவே படிக்கும். அவசரத்தில் கிறுக்கிய பாக எண்ணில் 0-வா O-வா, 1-ஆ 7-ஆ என்று குழம்பும். ஓர் இலக்கம் மாறினால் அது வேறு ஒரு பாகத்தின் சரித்திரமாகிவிடும்.

தேதியும் தொல்லைதான். 07/02/80 என்றால் நமக்கு பிப்ரவரி 7. அமெரிக்கருக்கு ஜூலை 2. நான்கு நாடுகளில் பறந்த விமானத்தின் பெட்டியில் இரண்டு வழக்கமும் கலந்திருக்கும். ஆகவே ஸ்கேன் செய்ததை விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்தே ஆக வேண்டும். பக்கங்களை வெறுமனே படம் பிடித்து ஹார்டு டிஸ்க்கில் போட்டால், தேட முடியாத அட்டைப்பெட்டி தேட முடியாத ஃபோல்டராக மாறியிருக்கும், அவ்வளவே. லேண்டிங் கியருக்கு 32, ஹைட்ராலிக்ஸுக்கு 29 என்று உலகம் முழுக்கப் பொதுவான அத்தியாய எண்கள் உண்டு. அதன்படி பிரித்து அடுக்கினால்தான் பலன்.

புதிய விமானங்களுக்கு இந்தப் பாடு குறைவு. பிறப்பிலிருந்தே கணக்கு மென்பொருளில்தான் இருக்கும். அப்படிப்பட்ட பராமரிப்பு மென்பொருளை உலகச் சந்தையில் விற்பவர்களில் நம்ம சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராம்கோ சிஸ்டம்ஸும் ஒன்று. ராஜபாளையத்து ராம்கோ குழுமம்தான்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?

சொல்ல வைக்கலாம். 2025 ஜூலையில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ஏர்பஸ் ஏ320 ஒன்றில், ஐரோப்பியப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் மாற்றச் சொன்ன இன்ஜின் பாகங்கள் உரிய காலத்துக்குள் மாற்றப்படவில்லை. ஆனால் காலத்துக்குள் வேலை நடந்ததுபோலக் காட்டுவதற்காக, ‘அமோஸ்’ என்ற பராமரிப்பு மென்பொருளில் பதிவுகள் திருத்தப்பட்டதாகத் தெரிகிறது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ-வின் குறிப்பு சொன்னது. பதிவுகளை மென்பொருளில் இடம் மாற்றும்போது கெடுதேதி தவறிவிட்டது என்றும், தெரிந்தவுடன் சரிசெய்துவிட்டதாகவும், தவற்றை ஒப்புக்கொண்டு நடவடிக்கை எடுத்ததாகவும் நிறுவனம் பதில் தந்தது.

இரண்டில் எதைப் படித்தாலும் கவலை ஒன்றுதான். தாளில் அடித்துத் திருத்தினால் அடித்தது தெரியும். திரையில் தெரியாது. அதனால்தான் நல்ல மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார், அதற்கு முன் என்ன இருந்தது என்பது அழிக்க முடியாதபடி தனியே பதிவாக வேண்டும். மின்னணுக் கையெழுத்து ஒருவரின் பாஸ்வேர்டோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த பாஸ்வேர்டை மானிட்டரில் மஞ்சள் சீட்டில் ஒட்டி வைத்திருந்தால், எல்லாம் வீண்.

காகிதமும் யோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. லண்டனைச் சேர்ந்த ஏ.ஓ.ஜி டெக்னிக்ஸ் என்ற நிறுவனம் விற்ற இன்ஜின் பாகங்களோடு வந்த சான்றிதழ்கள் போலி என்று 2023-ல் தெரியவந்தது. 100-க்கும் மேற்பட்ட இன்ஜின்களுக்குள் அந்தப் பாகங்கள் போயிருக்கலாம் என்று உலகம் முழுக்கத் தேடினார்கள். எப்படிச் சிக்கியது? போர்ச்சுகலின் டேப் விமான நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் இருந்தவர்களுக்கு ஒரு சின்னப் பாகத்தின் தோற்றமும் பேப்பரும் ஒத்துப்போகவில்லை. தயாரிப்பாளரிடமே தாளை அனுப்பிக் கேட்டார்கள். ‘இது நாங்கள் கொடுத்ததே இல்லை’ என்று பதில் வந்தது.

தாளோ திரையோ, காப்பாற்ற வேண்டிய விதம் விதிகளில் இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி, செய்த வேலையின் விவரங்களை 3 வருடமாவது வைத்திருக்க வேண்டும். ஆயுள் கணக்குள்ள பாகங்களின் நிலவரம் போன்ற முக்கியப் பதிவுகளை, விமானம் நிரந்தரமாக ஓய்வு பெற்று 12 மாதம் ஆகும்வரை தூக்கிப்போடக் கூடாது. கம்ப்யூட்டரில் வைத்தால், அசல் இருக்கும் இடத்தில் பேக்கப் இருக்கக் கூடாது. வேறு இடத்தில் இருக்க வேண்டும். செல்போன் போட்டோக்களை அதே செல்போனில் இன்னொரு ஃபோல்டரில் ‘பேக்கப்’ எடுத்து வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அடுத்த முறை விமானத்தில் ஜன்னலோரம் கிடைத்தால், கதவு மூடும் முன் கொஞ்சம் கவனியுங்கள். பளிச்சென்ற பாதுகாப்பு ஜாக்கெட் போட்ட ஓர் இன்ஜினீயர் காக்பிட்டிலிருந்து இறங்கிப் போவார். விமானத்தோடு பயணிக்கும் டெக் லாக் புத்தகத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். கேப்டன் பார்த்து ஏற்றுக்கொண்டிருப்பார். அந்தப் பக்கத்தின் நகலைக் கிழித்துத் தரையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. டேப்லெட் வந்துவிட்ட விமானங்களில் கதவு மூடும் முன் அந்தப் பக்கம் சர்வருக்குப் போய்விடும். மேலே போகும் விமானம் ஒருவேளை திரும்பாவிட்டாலும், கிளம்பும்போது அது எப்படி இருந்தது என்று சொல்ல அந்த ஒரு பக்கம் கீழே இருக்கும்.