சாவியைக் கொடுக்கும் முன் கையெழுத்து வாங்குங்கள்

வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் அட்வான்ஸைப் பறிகொடுக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. வீட்டுக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, சாமான்களை ஏற்றி, சாவியைப் பக்கத்து வீட்டிலோ வாட்ச்மேனிடமோ கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்பது வீட்டுக்காரரின் பதில். ஒரு மாதம் ஆகிறது, மூன்று மாதம் ஆகிறது, பிறகு அவர் போனை எடுப்பதில்லை. இவர்களிடம் விசாரித்தால், "அக்ரிமென்ட்டே போடலையே, எதை வச்சுக் கேக்கறது?" என்று தோற்ற குரலில் சொல்கிறார்கள். ஒப்பந்தம் இல்லை என்பதால் உரிமையே இல்லை என்று இவர்கள் தாங்களாகவே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எழுத்து ஒப்பந்தம் இல்லாதவருக்குக் குறைவது உரிமையைவிட ஆதாரம்தான். அந்த ஆதாரத்தை உண்டாக்கிக்கொள்ளக் கடைசி வாய்ப்பு, வீட்டைக் காலி செய்கிற அந்தச் சில நாட்கள்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் வாய்மொழி வாடகையை ஏற்கிறது. வீட்டை ஒப்படைத்து மாத வாடகை வாங்கிவந்தால் அது மாதாந்தர வாடகை உறவு. அதை முடித்துக்கொள்ள இரு தரப்பில் யாராவது 15 நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்பு கொடுத்தால் போதும் என்கிறது அதன் 106-ஆம் பிரிவு. "ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லலை, அதனால ரெண்டு மாச வாடகை பிடிப்பேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால், அப்படி எழுதிக் கையெழுத்திட்ட தாளை அவர்தான் காட்ட வேண்டும். தாளே இல்லாதபோது இரண்டு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஆனாலும் ஒரு மாதம் முன்னதாகவே எழுத்தில் அறிவித்துவிடுவது நல்லது. வாக்குவாதத்துக்கே இடம் இருக்காது.

இதற்கு மேல் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடப்பில் இருக்கிறது. எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பது இதன் அடிப்படை. 11 மாத ஒப்பந்தம் என்றால் எங்கும் பதிய வேண்டாம் என்று தெருமுனை புரோக்கர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது இந்தச் சட்டத்தின்படி தவறு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியை இதற்கென்று நியமித்து, இணையத்தில் பதியவும் வசதி செய்திருக்கிறார்கள். ஆனால் இப்படியொரு அதிகாரி இருப்பதே வாடகைக்குக் குடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளில் அதைத் தெரியப்படுத்த வேண்டும் என்று அரசுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சட்டமே எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்கிறபோது, அது இல்லாதவர் எந்த முகத்தோடு உரிமை கேட்பது? பாதகம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி வீட்டுக்காரர் உங்களை வெளியேற்றக் கோரலாம். பதிவாகாத வாடகைக்கு வாடகை நீதிமன்றத்தின் கதவு எளிதில் திறப்பதும் இல்லை. ஆனால் வெளியேறத் தயாராக இருப்பவருக்கு முதல் பாதகத்தால் நட்டமில்லை. அட்வான்ஸோ உங்கள் பணம், அவர் கையில் இருக்கிறது. ஒப்பந்தம் செல்லாது என்று ஆனாலும், அதன் பேரில் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே உள்ள விதி. ஆகவே ஒப்பந்தம் இல்லை என்று சொல்லி வீட்டுக்காரர் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது.

இனி, பிடித்தம் என்ற பெயரில் நடப்பதைப் பார்ப்போம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அடுத்த குடித்தனம் வந்தால்தான் பணம் என்ற வழக்கத்துக்கு அதில் இடமே இல்லை. 'பெயின்டிங் சார்ஜ்' என்று ஒரு மாத வாடகையை எடுத்துக்கொள்வது ஊர் வழக்கமாகிவிட்டது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையோ சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டுக்காரர் பொறுப்பில் வைத்திருக்கிறது. குழாய், வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. எழுத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் மட்டுமே இந்தப் பங்கீடு மாறும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: எழுத்தே வேண்டாம் என்று தவிர்த்த வீட்டுக்காரருக்குப் பெயின்டிங் செலவை உங்கள் தலையில் கட்டும் வழியும் இல்லாமல் போகிறது. ஆணி அடித்துப் பெயர்ந்த சுவரும் உடைந்த வாஷ்பேசினும் வேறு விஷயம். அவற்றுக்கு அவர் பில் காட்டிப் பிடிக்கலாம். குடியிருப்பவர்களும் யோக்கியர்களாகவே இருப்பதில்லை, கடைசி மாதங்களின் கரன்ட் பில்லை வைத்துவிட்டு நழுவுகிறவர்கள் உண்டு. வீட்டுக்காரர்களின் அந்தப் பயத்துக்கும் கீழே சொல்லும் கடிதமே மருந்து.

காலி செய்யும் நாளில் இரண்டு பிரதிகளாக ஒரு கடிதம் எழுதுங்கள். வக்கீல் தேவையில்லை, முத்திரைத்தாள் தேவையில்லை. அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: "இன்ன முகவரி வீட்டை இன்ன தேதி மாலை காலி செய்து, மூன்று சாவிகளையும் ஒப்படைத்தேன். மின் மீட்டர் ரீடிங் இவ்வளவு. வாடகை இன்ன மாதம் வரை செலுத்தப்பட்டது. அட்வான்ஸ் ரூ. 60,000-ல் இன்ன செலவுக்கு இவ்வளவு போக, மீதி இவ்வளவு ரூபாய் இன்ன தேதிக்குள் இந்த வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்." கீழே இருவர் கையெழுத்து, தேதி. மின் வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறது. நடுவில் கிளம்புகிறவர் மீட்டரைப் படம் எடுக்காவிட்டால், அடுத்துக் குடிவந்தவரின் ஏ.சி. ஓடிய கணக்கும் இவர் அட்வான்ஸிலிருந்து போகும். ஒவ்வொரு அறையையும், குளியலறைக் குழாய்களையும் சேர்த்து, வெளிச்சத்தில் வீடியோ எடுத்துவையுங்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால் அதே கடிதத்தையும் படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அன்றே தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்ட்டரில் ஒப்புகை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். மறுபடி சொல்கிறேன்: கையெழுத்தோ தபால் ரசீதோ இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வாட்ச்மேனிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஆரம்பத்தில் ரசீதே வாங்கவில்லையே என்பவர்கள் பழைய தடயங்களைத் திரட்ட வேண்டும். மாதாமாதம் ஜிபேயில் போன வாடகை, வங்கி ஸ்டேட்மென்ட், அந்த முகவரியில் உள்ள கேஸ் புத்தகம், நீங்கள் கட்டிய கரன்ட் பில், அட்வான்ஸ் தொகையை வீட்டுக்காரரே குறிப்பிடும் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் சாட்சிதான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், காலி செய்வதற்கு முன்பே, உறவு கெடாமல் இருக்கும்போதே, "அட்வான்ஸ் 60,000-ல கரன்ட் பில்லுக்கு எவ்வளவு பிடிப்பீங்கண்ணா?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அவர் தொகையை மறுக்காமல் பதில் போட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. செய்தியை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள்; நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்டுவதற்கு 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டப்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

பதிலுக்குப் பதில் என்று இறங்குகிறவர்கள்தான் அதிகம் கெடுகிறார்கள். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கட்டும்" என்று வாடகையை நிறுத்தினால், வாடகை பாக்கி வைத்தவர் என்ற பெயர் உங்கள் மேல் விழுகிறது. அப்படிக் கழிக்க வேண்டுமானால் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பணம் வரும்வரை பூட்டைப் போட்டு வைத்திருப்பது அதைவிட மோசம். வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். வாடகை உறவு முடிந்தும் வெளியேறாதவரிடம் இரு மடங்கு வாடகை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதேபோல, நாள் நெருங்குமுன்பே வீட்டுக்காரர் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது சட்டப்படி தடை. உங்களைப் பலவந்தமாக வெளியே தள்ளிப் பூட்டினால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டை மீட்கலாம். மிரட்டல், சாமான்களைப் பிடித்துவைத்தல் என்று போனால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அட்வான்ஸ் சிவில் விஷயம்தான்; மிரட்டல் அப்படியில்லை. சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

"அறுபதாயிரத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தால் அதைவிட அதிகம் செலவாகும்" என்கிற வாதம்தான் வீட்டுக்காரர்களின் பெரிய பலம். அதற்குப் பதில் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. வட்ட நீதிமன்றங்களில் வட்டச் சட்டப் பணிகள் குழு. முதலில் 15 நாள் கெடு வைத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் கடிதம், தபால் ரசீது, ஒப்புகை, வங்கி ஸ்டேட்மென்ட், ஒப்படைப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களோடு, வழக்குக்கு முந்தைய மனு ஒன்றை அங்கே கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அவர்கள் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள். அந்த நோட்டீஸ் வீட்டுக்கு வந்ததும் பலர் போனை எடுக்கத் தொடங்குகிறார்கள். லோக் அதாலத்தில் சமரசமானால் அந்த உத்தரவு சிவில் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. அவர் வரவே மறுத்தால் சிவில் வழக்குதான் வழி. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. தொலைபேசி உதவி எண் 15100.

போக்கியத்துக்கு வீடு எடுத்தவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர்கள், அது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாவிட்டால் அடமானமாக நிற்காது என்பதை அறிய வேண்டும். மாத வாடகை என்ற தடயமும் உங்களுக்கு இல்லை. முழுத்தொகை கணக்கில் ஏறும்வரை, அல்லது குறைந்தபட்சம் தேதியிட்ட காசோலையும் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கிடைக்கும்வரை, காலி செய்ய அவசரப்படாதீர்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடச் சட்டம் தரும் காலம் மூன்று ஆண்டு. காலி செய்து ஒரு மாதம் தாண்டிவிட்டது, அட்வான்ஸ் வரவில்லை என்றால், "பார்க்கலாம்" என்று தள்ளாமல் இந்த வாரமே அந்த 15 நாள் கெடுக் கடிதத்தைத் தபாலில் சேருங்கள்.