தொப்பி, கண்ணாடி, கைப்புள்ள

எம்.ஜி.ஆரை வரைய முகமே தேவைப்பட்டதில்லை. ஒரு வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும். ராஜாஜிக்கு வழுக்கைத் தலையும் கண்ணாடியும் கைத்தடியும். கருணாநிதிக்குக் கண்ணாடி, பின்னாளில் மஞ்சள் துண்டும் சேர்ந்துகொண்டது. இதில் ஓவியரின் கெட்டிக்காரத்தனம் பாதி, அச்சகத்தின் கட்டாயம் பாதி. இந்தியன் இங்க்கில் வரைந்த படத்துக்குத் துத்தநாக பிளாக் எடுத்து, சாணித்தாள் போன்ற நியூஸ்பிரிண்டில் ஓட்டினால், நெருக்கிப் போட்ட கோடெல்லாம் அப்பிக்கொள்ளும். நாலு கோட்டில் ஆளைப் பிடித்தாக வேண்டும். அதற்கு அந்த ஆளை வருடக்கணக்கில் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

1906-ல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் கார்ட்டூன் போட்ட காலத்தில் வாசகருக்கே இது புதுசு. படத்தோடு விளக்கமும் எழுத வேண்டியிருந்தது. பிறகு மாலி, கோபுலு, மதன் என்று விகடனிலேயே ஒரு பரம்பரை உருவாகி, விளக்கம் தேவைப்படாத வாசகரையும் உருவாக்கியது.

இன்றைக்கு வடிவேலு இருக்கிறார். ‘வின்னர்’ படத்தின் கைப்புள்ள அடிவாங்கித் திரும்பும் ஒரு காட்சி, நெஞ்சில் ஒரு கட்சியின் பெயர், தலையில் நேற்றைய அறிக்கை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒரு கல்லூரி மாணவர் இப்படி ஒரு மீம் செய்து அனுப்பிவிடுகிறார். சிரிப்பும் வருகிறது, பொய் சொல்வானேன்! காலைப் பேப்பர் வருவதற்குள் விஷயம் பழசாகிவிடுகிறது. ஆனால் அதில் தலைவரின் முகம் இல்லை. தோற்றவர் யாராக இருந்தாலும் கைப்புள்ளதான். அடுத்த வாரம் எதிர்க்கட்சிக்கும் அதே படம். இந்த மனிதரிடம் மட்டும் உள்ள கோணலை யாரும் தேடுவதில்லை. அரசியல்வாதிக்கு இது எவ்வளவு பெரிய சலுகை!

முகம் இல்லாததற்கும் ஒருகாலத்தில் கோபப்பட்டார்கள் என்பது வேறு கதை. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பவர் மந்திரி என்று ஒருவர் அடையாளம் சொல்கிறார். யாருடைய ஜாடையும் அதில் கிடையாது. சட்டமன்றமே அதைத் தன் முகமாக எடுத்துக்கொண்டது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் கடுங்காவல். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விடுதலை. அவர் சும்மா விடவில்லை. கோர்ட்டுக்குப் போய் 1,000 ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். தண்டித்தவர் சபாநாயகர் பி.எச். பாண்டியன் என்று ஊருக்கே தெரியும். பெயர் சொல்லித் திட்ட முடிந்தது.

2025 பிப்ரவரியில் கதை வேறு மாதிரி போயிற்று. அமெரிக்கா இந்தியர்களை விலங்கு மாட்டித் திருப்பி அனுப்பிய சமயம், டிரம்ப் பக்கத்தில் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடனின் இணைய இதழில் ஒரு கார்ட்டூன். இதில் முகம் இருந்தது, பளிச்சென்று. சில நாளில் பலருக்கு விகடன் தளம் திறக்கவில்லை. இப்படி ஆனால் வாசகர் முதலில் சந்தேகப்படுவது தன் நெட் பேக்கைத்தான். படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் முடக்கப்பட்ட தளத்தைத் திறந்துவிடலாம் என்று மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1987-ல் இப்படியொரு நிபந்தனை வந்திருந்தால், போலீஸ்காரர்கள் சலூன் சலூனாக ஏறி அட்டையைக் கிழித்துக்கொண்டு திரிந்திருக்க வேண்டும்.